விதைப் படிகமும் வீட்டுக் கூரையும்

வீட்டுக் கூரையில் சூரிய மின்தகடு அமைக்க விரும்பும் வாடிக்கையாளர்கள் நம்மிடம் முதலில் வினவுவது விலையைத்தான். ஆனால், இருபத்தைந்து ஆண்டுகள் வெயிலில் உழைக்கவேண்டிய ஒரு பொருளின் மதிப்பை விலை மட்டும் சொல்லிவிடாது. அதனுள் இருக்கும் சிலிக்கன் எவ்வாறு வளர்க்கப்பட்டது என்பதையும் அறிந்துகொள்வது நலம்.

மணலிலும் குவார்ட்ஸ் கல்லிலும் சிலிக்கன் ஆக்சிஜனோடு சேர்ந்து நிறைந்திருக்கிறது. அதைப் பிரித்துத் தூய்மையாக்கி, குவார்ட்ஸ் கொப்பரையில் இட்டு, 1,414 டிகிரி செல்சியசுக்கு மேல் உருக்குகிறார்கள். உருகிய பரப்பைச் சிறு விதைப் படிகம் ஒன்று தொடுமாறு செய்து, சுழற்றியவாறே மெல்ல மேலே இழுக்கிறார்கள். அப்போது சிலிக்கன் அணுக்கள் விதையின் ஒழுங்கைப் பின்பற்றி உறைந்து, நெடிய உருளையாக ஒரே படிகம் வளர்கிறது. இம்முறையின் மூலம், போலந்து நாட்டவரான யான் சொக்ரால்ஸ்கி 1916-இல் கண்டறிந்தது. மைக்கூட்டில் தோய்க்கவேண்டிய பேனாவை அவர் உருகிய வெள்ளீயத்தில் தோய்த்துவிட, முனையில் மெல்லிய உலோக இழை உறைந்து வந்ததே தொடக்கம் என்பர்.

உருக்கிய சிலிக்கனை அச்சில் வார்த்து ஆறவிடும் முறையும் உண்டு. அதற்குச் செலவு குறைவு. ஆயினும் பல படிகங்கள் ஒட்டி வளர்வதால், அவற்றின் எல்லைகளில் எலக்ட்ரான்கள் சிக்கி வீணாகின்றன. ஒற்றைப் படிகத்தில் இந்த எல்லைகள் இல்லை.

இந்த வேறுபாடு மாடியில் தெரியும். சோதனை அளவான 1,000 வாட் வெயிலில், 16 விழுக்காடு திறனுள்ள தகடு சதுர மீட்டருக்கு 160 வாட் தரும்; 20 விழுக்காடு திறனுள்ளது 200 வாட் தரும். 3 கிலோவாட் அமைப்புக்கு முன்னதற்குச் சுமார் 19 சதுர மீட்டர் வேண்டும். பின்னதற்கு 15 போதும்.

ஒற்றைப் படிகத்திலும் ஒரு குறை உண்டு. கொப்பரையிலிருந்து கரைந்து சேரும் ஆக்சிஜன், சிலிக்கனில் கலந்த போரானுடன் கூடி, வெயில் பட்டதும் திறனைச் சற்றே குறைக்கும். இதைத் தவிர்க்கவே போரானுக்கு மாற்றாகக் காலியம் அல்லது பாஸ்பரஸ் கலக்கிறார்கள்.

சிலிக்கன் மட்டும் கொண்ட மின்கலத்தின் கோட்பாட்டு வரம்பு சுமார் 29 விழுக்காடே. அதற்கு மேல் தருவதாக ஒருவர் உறுதி கூறினால், முன்பணம் கொடுக்குமுன் சிந்தியுங்கள்.

2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில், 3 கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. எஞ்சிய தொகைக்கு வங்கிக் கடன் பெறலாம். கையொப்பமிடும் முன், தகட்டின் திறன் எவ்வளவு, படிகம் எவ்வகையது, ஆண்டுதோறும் குறையும் திறனுக்கு உத்தரவாதம் என்ன என்பவற்றை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். கடன் தவணை முடிந்தபின் விளையும் மின்சாரமே உங்கள் உண்மையான சேமிப்பு. அது எத்தனை ஆண்டுகள், எந்த அளவில் கிடைக்கும் என்பதை இந்த மூன்று விடைகளே காட்டும்.