கழற்றிய நகையும் கலாத்தியர் நிருபமும்

கன்னியாகுமரி மாவட்டத்துப் பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றில், முழுக்கு ஞானஸ்நானத்துக்கு வரும் பெண்ணிடம் முதலில் கேட்கும் கேள்வி "நகையெல்லாம் களட்டியாச்சா?" என்பதுதான். காதும் கழுத்தும் வெறுமையாக ஒருத்தி பஸ்ஸில் ஏறினால், எந்தச் சபைக்காரி என்று பக்கத்து இருக்கைக்காரர் கேட்காமலே கண்டுகொள்வார். அடுத்த தெரு சி.எஸ்.ஐ. வீட்டிலோ அதே ஞாயிற்றுக்கிழமை பெட்டியில் இருக்கிற சங்கிலியையெல்லாம் எடுத்துப் போட்டுக்கொண்டு கோயிலுக்குக் கிளம்புவார்கள். இரு வீட்டிலும் இருப்பது ஒரே வேதப்புத்தகம்.

2011 கணக்கெடுப்பின்படி இந்த மாவட்டத்தில் ஏறத்தாழ 47 சதவீதம் பேர் கிறிஸ்தவர்கள். சி.எஸ்.ஐ., ஆர்.சி., மலங்கரை, சீரோ மலபார், இரட்சணிய சேனை, லுத்தரன், பல வகைப் பெந்தெகொஸ்தே என்று சபைகளுக்குக் குறைவில்லை. நகை, ஓய்வுநாள், கள், சினிமா, பக்கத்து வீட்டிலிருந்து வரும் அம்மன் கோயில் கொடைச் சோறு என்று இவர்களுக்குள் நடக்கும் சண்டைகளைத் தோண்டிப் பார்த்தால் அடியில் கிடப்பது ஒரே கேள்வி. கடவுளுக்கு முன் ஒருவர் நீதிமானாக நிற்பது விசுவாசத்தாலா, விதிகளைக் கைக்கொள்வதாலா? இதற்குப் பதில் சொல்ல எழுதப்பட்டதுதான் பவுலின் கலாத்தியர் நிருபம்.

கலாத்தியா என்பது இன்றைய துருக்கியின் நடுப்பகுதி. கி.பி. 50-ஐ ஒட்டிய காலம். அங்கே யூதரல்லாத மக்களிடம் பவுல் இயேசுவைப் பற்றிப் பேசினார், அவர்கள் நம்பினார்கள். பவுல் ஊரைவிட்டுப் போனதும் வேறு சிலர் வந்தார்கள். "நம்பினது நல்லதுதான். ஆனால் விருத்தசேதனமும் செய்துகொண்டு, மோசேயின் நியாயப்பிரமாணத்தையும் கைக்கொண்டால்தான் நீங்கள் முழுசாகத் தேவனுடைய ஜனம்" என்பது அவர்களுடைய போதனை. செய்தி கேட்ட பவுலுக்கு வந்த கோபம் சாதாரணமானதல்ல. அவருடைய மற்ற நிருபங்கள் பெரும்பாலானவற்றில் வாழ்த்து முடிந்ததும் நன்றி கூறும் பகுதி வரும். இதில் அது கிடையாது. வாழ்த்து முடிந்த கையோடு கண்டனம் தொடங்கிவிடுகிறது.

அவர் வைக்கும் வாதம் வக்கீல் வாதம். ஆபிரகாம் தேவனை நம்பினார், அந்த நம்பிக்கையே அவருக்கு நீதியாக எண்ணப்பட்டது. அப்போது நியாயப்பிரமாணமே கிடையாது. அது வந்தது 430 வருஷம் கழித்து. பின்னால் வந்த சட்டம் முன்னால் கொடுத்த வாக்குறுதியைத் தள்ளுபடி செய்ய முடியாது. அப்படியானால் சட்டம் எதற்கு? பெரிய வீட்டுப் பையனைப் பள்ளிக்கூடம்வரை கையைப் பிடித்துக் கூட்டிப்போகும் காவலாள் அந்தக் காலத்தில் உண்டு. சட்டம் அந்தக் காவலாள் என்கிறார் பவுல். பையன் ஆளாகிவிட்டால் காவலாளுக்கு வேலை முடிந்தது. சட்டம் கெட்டது என்று அவர் எங்கும் சொல்லவில்லை. அதற்கு ஒரு காலம் இருந்தது, அந்தக் காலம் கிறிஸ்துவோடு முடிந்தது, அவ்வளவுதான்.

இந்த நிருபத்தை வெறும் தத்துவமாக வாசிப்பவர்கள் இரண்டாம் அதிகாரத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். அங்கேதான் சங்கதி இருக்கிறது. அந்தியோகியாவில் பேதுரு யூதரல்லாத விசுவாசிகளோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து சில யூதர்கள் வந்ததும் மெதுவாக எழுந்து தனியே போய்விட்டார். அவரைப் பார்த்து மற்ற யூதர்களும் விலகினார்கள், பர்னபாவும் விலகினார். பவுல் எல்லாருக்கும் முன்னால் பேதுருவை முகத்துக்கு நேரே கண்டித்தார். விசுவாசத்தால் நீதிமானாக்கப்படுதல் என்ற பெரிய உபதேசத்தைப் பவுல் எடுத்துவைப்பது இந்தப் பந்திச் சண்டைக்கு நடுவில்தான். யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்பதற்கு வந்த பதில் அது. நாஞ்சில் நாட்டுக்காரனுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

விசுவாசம் போதும் என்றால் எப்படி வேண்டுமானாலும் வாழலாமா என்று உடனே ஒரு கேள்வி வரும். பவுலிடமே அன்றைக்கு இதைக் கேட்டிருக்கிறார்கள். அவர் பதில்: விடுதலை கிடைத்தது இஷ்டப்படி நடக்க அல்ல, அன்பினால் ஒருவருக்கொருவர் ஊழியம் செய்ய. கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்று யாக்கோபு நிருபம் சொல்வதை இதற்கு எதிராக நிறுத்துவார்கள். பெரிய முரண்பாடு எதுவும் இல்லை. அன்பின் வழியாக வேலை செய்யும் விசுவாசத்தைப் பற்றித்தான் பவுலும் பேசுகிறார். மரம் உயிரோடிருந்தால் காய்க்கும். காயைக் கொண்டுவந்து கட்டித் தொங்கவிட்டு மரத்துக்கு உயிர் கொடுக்க முடியாது.

அந்த விடுதலை அன்றாடத்தில் எப்படி இருக்கும் என்பதற்கு நம் ஊர் உதாரணமே உண்டு. பக்கத்து வீட்டில் அம்மன் கோயில் கொடை. பொங்கலும் பாயசமும் தூக்குவாளியில் வருகிறது. வாங்கலாமா? கொரிந்து பட்டணத்தில் விக்கிரகங்களுக்குப் படைத்த இறைச்சியைப் பற்றி இதே கேள்வி எழுந்தது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 8, 10 அதிகாரங்களில் பவுல் பதில் சொல்கிறார். கடையில் விற்பதைத் துருவித் துருவி விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடலாம். அயலார் அழைத்தால் போய்ச் சாப்பிடலாம். ஆனால் கோயில் பந்தியில் உட்கார்ந்து அந்த வழிபாட்டில் பங்குகொள்ளக் கூடாது. நீ சாப்பிடுவதைப் பார்த்துப் பலவீனமான மனசாட்சியுள்ள ஒருவர் தடுமாறுவார் என்றால், அவருக்காக விட்டுவிடு. சாப்பிடுவதால் நாம் மேன்மையடைவதும் இல்லை, சாப்பிடாததால் குறைவதும் இல்லை. இவ்வளவு நிதானமாகச் சொல்லியிருக்கிற விஷயத்துக்காகத் தூக்குவாளியை வாசலிலேயே திருப்பியனுப்பி, முப்பது வருஷத்து அயல்பக்க உறவை முறித்துக்கொண்டவர்கள் நம்மிடையே உண்டு.

இனி வரலாற்றுக்கு வருவோம். இந்த உபதேசம் தெற்குத் திருவிதாங்கூருக்குள் வந்தது ஒரு சாம்பவர் வீட்டின் வழியாக. மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் சிதம்பரத்துக்கு யாத்திரை போனவர். திரும்பும் வழியில் தஞ்சாவூரில் லுத்தரன் மிஷனரி கோலாப்பின் பிரசங்கத்தைக் கேட்டு, ஞானஸ்நானம் பெற்று, வேதமாணிக்கம் ஆனார். அவர் அழைப்பின் பேரில் 1806 ஏப்ரலில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வந்தவர் ரிங்கல்தௌபே. பிரஷ்ய நாட்டு லுத்தரன். லண்டன் மிஷனுக்காக வேலை செய்தார். 1809-இல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது. 1816-இல் அவர் போகும்போது சபைகளை வேதமாணிக்கத்தின் கையில் ஒப்படைத்துவிட்டுப் போனார்.

ரிங்கல்தௌபேக்கு ஒரு மனக்குறை இருந்தது. தலைவரியிலிருந்தும், கூலியில்லாத கட்டாய ஊழியத்திலிருந்தும் தப்பிக்கலாம் என்ற எண்ணத்தில்தான் பலர் வருகிறார்கள், ஆத்துமாவுக்காக வருகிறவர்கள் சிலரே என்று அவர் கடிதங்களில் வருந்தினார். அவர் வருத்தத்தில் நியாயம் உண்டு. ஆனால் வந்தவர்கள் பக்கமும் பார்க்க வேண்டும். அவர்களுக்குச் சட்டம் என்பது கல்பலகையில் எழுதின பத்துக் கட்டளை அல்ல. உடம்பின்மேல் எழுதப்பட்ட சட்டம். எந்த ஜாதி எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும், யார் குடை பிடிக்கக் கூடாது, யார் செருப்பு போடக் கூடாது, யார் மாடி வீடு கட்டக் கூடாது, எந்தப் பெண் மார்பை மூடக் கூடாது என்றெல்லாம் இருந்த சட்டம். அதற்குக் கீழே குனிந்து நின்றவனிடம் "சட்டத்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலை" என்று ஒருவர் வந்து சொன்னால், அவன் முதுகை நிமிர்த்தத்தான் செய்வான். ஆத்துமா, சரீரம் என்று அவன் பிரித்துப் பார்க்கவில்லை என்பது பெரிய குற்றமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

மார்பை மூடும் உரிமைக்காக நடந்த தோள்சீலைக் கலகத்தை இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். திருவிதாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் கர்னல் மன்றோ காலத்தில் கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் என்ற சட்டை அணிய அனுமதி கிடைத்தது. மேல்ஜாதிப் பெண்களைப் போல மேல்சீலை போட அல்ல. 1822 தொடங்கி நாடார் பெண்களின் சீலைகள் தெருவில் கிழிக்கப்பட்டன. 1829-இல் அரசாங்கம் மறுபடியும் மேல்சீலையைத் தடைசெய்தது. 1858-59-இல் கலகம் பெரிதாக வெடித்து, 1859 ஜூலை 26 அன்று உத்திரம் திருநாள் மகாராஜாவின் பிரகடனம் வந்தது. அதிலும் நாடார் பெண்கள் மார்பை மூடிக்கொள்ளலாம், ஆனால் மேல்ஜாதியார் மாதிரி உடுத்தக் கூடாது என்று ஒரு வால் இருந்தது.

அரசர் சட்டம் விலக்கி வைத்த பொருள்களின் பட்டியலில் தங்க நகையும் உண்டு என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். நாடார் முதலான ஜாதிப் பெண்கள் பொன் அணியக் கூடாது. ஜாதிக்காகப் பாட்டி போட முடியாமல் இருந்த நகையைச் சபைக்காகப் பேத்தி கழற்றுகிறாள். பாட்டியிடம் யாரும் விருப்பம் கேட்கவில்லை. பேத்தியிடம் கேட்கிறார்களா என்பதுதான் இன்றைய கேள்வி.

சபைகளே புதுச் சட்டம் போட்ட கதையும் நம்மிடம் உண்டு. தரங்கம்பாடி, தஞ்சாவூர்ச் சபைகளில் ஜாதிவாரியாகத் தனித்தனியே உட்கார்ந்தார்கள். நற்கருணைக்கும் அந்த வரிசையில்தான் போனார்கள். 1833-இல் கல்கத்தா பிஷப் வில்சன், ஜாதியை முற்றாக விடச்சொல்லிக் கடிதம் அனுப்பினார். எதிர்த்து நின்றவர்களில் ஒருவர் தஞ்சைக் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார். ஜாதி ஊர்வழக்கம், அதை விசுவாசத்தோடு போட்டுக் குழப்பாதீர்கள் என்பது அந்தப் பக்கத்து வாதம். பிறகு மிஷனரிகள் சமபந்தியையே சோதனையாக வைத்தார்கள். தாழ்த்தப்பட்டவர் சமைத்த சோற்றைச் சாப்பிட்டுக் காட்டு, அப்போதுதான் நீ சபையார். இதுவும் கலாத்தியாவில் வந்த "விசுவாசத்தோடு இன்னொன்று" தானே என்று கேட்கலாம். யோசிக்க வேண்டிய கேள்விதான். என் முடிவு வேறு. விருத்தசேதனம் ஒரு கூட்டத்தை உள்ளேயும் இன்னொரு கூட்டத்தை வெளியேயும் நிறுத்துகிற அடையாளம். சமபந்தி அந்தக் கோட்டை அழிக்கிறது. அந்தியோகியாவில் பேதுரு பந்தியை விட்டு எழுந்தபோது, அது ஊர்வழக்கம் என்று பவுல் சும்மா இருக்கவில்லை.

கத்தோலிக்கர் பக்கமும் இதே கதைதான். நம் எல்லைக்கு அந்தப் பக்கம், திருநெல்வேலிச் சீமையில் இருக்கிற வடக்கன்குளத்தில் 1745-இல் ஞானஸ்நானம் பெற்றவர் நட்டாலத்துத் தேவசகாயம். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-இல் அவருக்குப் புனிதர் பட்டம் தந்த வத்திக்கான், ஜாதி பாராமல் எல்லாரையும் சமமாக நடத்தியவர் என்பதை எடுத்துச் சொன்னது. ஜாதிப் பெயரையும் அவர் பெயரிலிருந்து விலக்கியது. ஆனால் அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பிற்காலத்தில் ஜாதிக்கு ஒரு பக்கமாக, கால்சட்டை போல இரண்டு கிளை விட்ட கோயில் கட்டினார்கள். நடுவில் இருந்த தடுப்பு 1910-இல்தான் இடிக்கப்பட்டது.

உபதேசத்தைப் பற்றிய பழைய சண்டை இப்போது பெருமளவு அடங்கிவிட்டது. 1520-இல் லுத்தர் கிறிஸ்தவனின் சுதந்திரத்தைப் பற்றிச் சிறுநூல் எழுதிய காலத்தில் பிரிந்துபோன இரு தரப்பும், 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. மனிதர் நீதிமானாக்கப்படுவது அவர்களுடைய தகுதியால் அல்ல, கிருபையால், விசுவாசத்தின் வழியாக என்று வத்திக்கானும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் சேர்ந்து ஒப்புக்கொண்டன. நாகர்கோவில் டீக்கடைகளில் இன்னும் இது வாதாடப்படுகிறது என்றால் அந்தச் செய்தி இங்கே வந்து சேரவில்லை என்று பொருள்.

நகைக்கு வருகிறேன். பொன்னாபரணத்தை விட்டு உள்ளான அலங்காரத்தை நாடும்படி ஒன்று பேதுரு 3-ஆம் அதிகாரமும், ஒன்று தீமோத்தேயு 2-ஆம் அதிகாரமும் சொல்வது உண்மை. அதை வாசித்து, தானாக மனம் இசைந்து, ஒரு பெண் கழற்றினால் அது அவள் சுதந்திரம். பவுன் கணக்கில் பெண்ணை எடைபோடும் இந்த மாவட்டத்தில் அது ஒரு தைரியமும்கூட. கழற்றினால்தான் ஞானஸ்நானம், கழற்றினால்தான் பரலோகம் என்று ஒருவர் சொன்னால் அது கலாத்தியாவுக்கு வந்தவர்களின் போதனை. கழுத்தில் நகை கிடப்பவளை உலகத்தாள் என்று இகழ்வதும், கழற்றியவளை மூளி என்று பரிகசிப்பதும் ஒரே தப்பு. நகை போடாத வீட்டுக் கல்யாணங்களிலும் ரொக்கமும் காரும் பேசி முடிக்கப்படுவதை நாம் பார்க்காமல் இல்லை.

சபை மாறி ஜெபிக்க வந்தவர்களை எந்த விதியும் கேட்காமல் உள்ளே விடுகிற கோயில்கள்கூடக் கல்யாணப் பேச்சில் நின்றுவிடுகின்றன. ஞாயிற்றுக்கிழமை நாளிதழின் வரன் விளம்பரங்களை எடுத்துப் பாருங்கள். சபையின் பெயரும் ஜாதியின் பெயரும் இன்றும் அடுத்தடுத்துத்தான் அச்சாகின்றன. கலாத்தியர் நிருபம் மொத்தமே ஆறு அதிகாரம், அரைமணி நேரத்தில் வாசித்துவிடலாம். அடுத்த விளம்பரம் கொடுக்கும் முன் ஒருமுறை வாசியுங்கள்.