அரங்கேற்றத்துக்குள் ஒட்டியாணம் ரெடி ஆகுமா? வடசேரி பட்டறைக்கு ஏஐ நாள் குறித்துத் தருமா?

நாகர்கோவில் வடசேரியின் கோயில் நகைகள் புவிசார் குறியீடு பெற்றவை. சாமி சிலைக்கு மட்டுமல்ல, பரதநாட்டிய மேடைக்கும் இந்த நகைகள் போகின்றன. ஆர்டர் கொடுப்பவர் கேட்கும் முதல் கேள்வி, 'எப்போ கிடைக்கும்?' அரங்கேற்றம் முடிந்த மறுநாள் வந்து சேரும் ஒட்டியாணத்தால் யாருக்கு என்ன லாபம்?

இந்த நாள் கணக்கை 'நியூரல் நெட்வொர்க்' என்ற ஏஐ முறையில் போட முடியுமா? ஒரே பொருளை லட்சக்கணக்கில் செய்யும் தொழிற்சாலையில் இது பெரிய விஷயமில்லை. ஒவ்வொரு ஆர்டரும் ஒவ்வொரு மாதிரி வரும் பட்டறையில்தான் சிக்கல்.

கணக்கு ஏன் தப்புது?

வெள்ளியில் உருவம் செய்து, அரக்கு நிரப்பி, சிவப்புக் கெம்புக் கல் பதித்து, தங்க ரேக்கு ஒட்ட வேண்டும். இந்தக் கை வேலைக்கு எவ்வளவு நேரம் என்பதை அனுபவமுள்ள ஆசாரி கிட்டத்தட்ட சரியாகவே சொல்லிவிடுவார். தப்புவது காத்திருக்கும் நேரம். வெள்ளி வேலை முடிந்த நகை, கல் பதிப்பவரிடம் நாலு நகைக்குப் பின்னால் கிடக்கும். நடுவில் ஒரு அவசர ஆர்டர் புகுந்தால் எல்லாமே தள்ளிப்போகும்.

நெட்வொர்க் என்ன செய்யும்?

பழைய ஆர்டர்களின் விவரங்களை அதற்குக் கொடுக்க வேண்டும். கல் எத்தனை, அன்று வரிசையில் எத்தனை வேலை, எத்தனை பேர் வேலைக்கு வந்தார்கள், கடைசியில் எத்தனை நாள் ஆனது. ஒவ்வொரு விவரத்துக்கும் அது ஒரு மதிப்பு வைத்து நாளைக் கணிக்கும். 12 நாள் என்று சொன்ன வேலை 20 நாள் இழுத்தால், அந்த 8 நாள் பிழையைப் பின்னோக்கி அனுப்பி மதிப்புகளைக் கொஞ்சம் திருத்தும். இப்படியே ஆயிரக்கணக்கான முறை. 'பேக்ப்ராபகேஷன்' எனும் இந்த வழியை 1986-ல் பிரபலமாக்கிய மூவரில் ஒருவர் ஜெஃப்ரி ஹிண்டன். 2024-ல் இயற்பியல் நோபலைப் பகிர்ந்துகொண்டவர் இவர்தான்.

சின்னப் பட்டறைக்கு ஒத்துவருமா?

நூறு, இருநூறு ஆர்டர் விவரம் மட்டும் இருந்தால் நெட்வொர்க் அதை மனப்பாடம் செய்துவிடும். புது டிசைன் வந்தால் தடுமாறும். அதற்கு முன் இன்னொரு எளிய கணக்கு இருக்கிறது. ஜான் லிட்டில் 1961-ல் நிரூபித்தது. கையில் 20 ஆர்டர், வாரத்துக்கு 5 முடிகிறது என்றால், ஒரு ஆர்டர் பட்டறையில் சராசரியாக 4 வாரம் இருக்கும். செல்போன் கால்குலேட்டரே போதும்! ஆனால் இது சராசரிதான். உங்கள் ஒட்டியாணம் எந்தத் தேதியில் வரும் என்று சொல்லாது.

இன்னொரு கவலையும் உண்டு. உருப்படிக் கணக்கில் கூலி வாங்குபவரிடம், 'கம்ப்யூட்டர் 12 நாள்னு சொல்லுது, நீ ஏன் 20 நாள் எடுத்த?' என்று கேட்க ஆரம்பித்தால்? அந்த 8 நாளும் கல் வராமல் காத்திருந்ததாக இருக்கலாம். அதனால் நோட்டில் மொத்த நாளை மட்டும் எழுதினால் போதாது. வேலை எப்போது கைக்கு வந்தது, எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்று மூன்று தேதியும் தனித்தனியாக வேண்டும்.