கையுறை அணியத் தடை ஏன்?

கரிபியன் தீவுகள் என்றதும் வெண்மணலும் நீலக்கடலும் ஓய்வும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். உயர்தரத்தில் உயிரியல் கற்கும் எனக்கோ, அங்குள்ள பொனேர் என்ற சிறு தீவின் ஒரு சட்டம் நினைவுக்கு வருகிறது. அங்கே சுழியோடிகள் கையுறை அணியக்கூடாது!

வெனிசுலாவுக்கு வடக்கே சுமார் 80 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கும் பொனேர், நெதர்லாந்தின் ஆட்சிக்கு உட்பட்டது. அங்கு முருகைக்கற்பாறைகள் கரைக்கு மிக அருகிலேயே உள்ளன. அதனால் படகில்லாமல், கரையிலிருந்தே நீந்திச் சென்று பார்க்கலாம். முகமூடியும் சுவாசக்குழாயும் அணிந்து நீர்மட்டத்தில் மிதந்தபடி பார்ப்பது ஸ்நோர்க்லிங். உருளையைச் சுமந்துகொண்டு ஆழத்துக்குச் செல்வது சுழியோடல். அந்த உருளையில் தனி ஒட்சிசன் இருப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். பெரும்பாலும் நாம் சுவாசிக்கும் இதே வளிதான் அமுக்கி அடைக்கப்பட்டிருக்கும்.

முருகைக்கல் வெறும் கல்லல்ல. பொலிப்பு எனப்படும் சின்னஞ்சிறு விலங்குகள் கல்சியம் காபனேற்றைச் சுரந்து கட்டிய வீடு அது. அவற்றின் இழையங்களுக்குள் வாழும் நுண்ணிய அல்காக்கள் ஒளித்தொகுப்பின் மூலம் அவற்றுக்கு உணவளிக்கின்றன. மூளை போன்ற வடிவமுள்ள முருகைக்கல் வருடத்துக்குச் சில மில்லிமீற்றர்தான் வளரும். காலில் அணியும் துடுப்பு ஒருமுறை பட்டாலே பல வருட வளர்ச்சி முறிந்துவிடலாம்.

ஆகவேதான் 1979இல் பொனேரைச் சூழ்ந்த கடல், 60 மீற்றர் ஆழம் வரை, பாதுகாக்கப்பட்ட பூங்காவாக்கப்பட்டது. முருகைக்கற்களின் மேல் நங்கூரமிடத் தடை. படகுகளை மிதவைகளில் கட்டவேண்டும். சுழியோடிகள் முதலில் விளக்கம் கேட்டு, ஒரு பயிற்சிச் சுழியோடலையும் முடிக்கவேண்டும். கடலில் இறங்குவோர் செலுத்தும் கட்டணம் பூங்காவின் பராமரிப்புக்கு உதவுகிறது. கையுறைக்குத் தடை ஏனென்றால், கை பாதுகாப்பாக இருந்தால் தொடும் துணிவும் வந்துவிடும்.

ஆனால் சூட்டுக்குச் சட்டம் தெரியாது. 2023இல் கரிபியன் கடல் அளவுக்கு மீறிச் சூடானபோது பொனேரிலும் முருகைக்கற்கள் வெளிறின. நீர் சூடாகும்போது அல்காக்கள் வெளியேற்றப்படுகின்றன. நிறமும் உணவும் போய்விடுகின்றன. சூடு நீடித்தால் பொலிப்புகள் இறந்துவிடும்.

கடலைப் பார்க்க விமானத்தில் பறந்து வருபவரின் பயணமும் அந்தச் சூட்டில் ஒரு சிறு பங்கு சேர்க்கிறது. எனவே தோழிகளே, கையுறையைக் கழற்றுவது முதற்படி மட்டுமே. அடுத்த படி கரையில்தான் தொடங்கவேண்டும்.