திரீ நாட் திரீயின் பிறப்புச் சான்றிதழ்

ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் தேசிய மாணவர் படையில் இருந்தவர்களைத் துப்பாக்கி பற்றிக் கேட்டால் உடனே பெயர் சொல்வார்கள்: 'திரீ நாட் திரீ'. லீ என்ஃபீல்டு என்ற 303 ரக ராணுவத் துப்பாக்கிதான் அது.

எங்கே, எப்போது செய்தது என்பதை அதன் இரும்பிலேயே படிக்கலாம். போல்ட் கைப்பிடிக்குக் கீழே, பின்கட்டை வந்து சேரும் இரும்புப் பட்டையின் வலப்பக்கத்தில் முத்திரை இருக்கும். கிரீடம், ஜிஆர்ஐ எழுத்துகள், இஷாப்பூர் என்ற பெயர் இருந்தால், கொல்கத்தா அருகே ஆங்கிலேயர் ஆட்சியில் செய்தது. அசோகச் சிங்கமும் ஆர்எஃப்ஐ எழுத்துகளும் இருந்தால் சுதந்திர இந்தியாவின் தயாரிப்பு. பக்கத்திலேயே ஆண்டும் இருக்கும்.

1962 சீனப் போருக்குப் பிறகு இஷாப்பூர் ஆலை இதே வடிவத்தை 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு மாற்றியது. பன்னிரண்டு தோட்டா பிடிக்கும் சதுர வாக்கில் உள்ள மேகசின்தான் அடையாளம்.

விலை?

வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் போல்ட்டிலும் உடலிலும் உள்ள எண்கள் ஒத்துப்போகின்றனவா என்று முதலில் பார்ப்பார்கள். ஒத்துப்போனால் மதிப்பு ஏறும்; புதிதாக மெருகேற்றியிருந்தால் இறங்கும். டிபி என்று பொறித்திருந்தால் அது அணிவகுப்புப் பயிற்சிக்கு மட்டுமே, சுட உதவாது.

இந்தியாவில் 303 ரகம் தடைசெய்யப்பட்ட பிரிவில் வருகிறது. சாதாரணத் துப்பாக்கி உரிமத்தில் அதை வாங்கவோ விற்கவோ முடியாது. பழைய வீட்டுப் பரணிலோ இரும்புக் கடையிலோ ஒன்று கண்ணில் பட்டால், உள்ளே தோட்டா இருக்கலாம். தொடாமல் அருகிலுள்ள காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும்.