சொல்லக் கூசும் சுமை

பிரசவத்துக்குப் பின் வரும் இடுப்புத் தசைக் கோளாறு உயிரைப் பறிப்பதில்லை. அதனாலேயே யாரும் அதைக் கேட்பதில்லை.

2013-ல் பாலக்காடு மாவட்டத்தின் அகளி திடீரென்று தேசியச் செய்தியானது. அட்டப்பாடி மலையின் ஆதிவாசிக் குடியிருப்புகளில் கைக்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்ததுதான் காரணம். தாய்மார்களின் ரத்தசோகையும் சத்துக்குறைவும் அம்பலமாயின. குடும்பஸ்ரீயின் சமூக சமையற்கூடங்கள் வந்தன. கர்ப்பிணியின் எடை அரசாங்கத்தின் கவலையாயிற்று.

ஆனால் பிரசவம் விட்டுச்செல்லும் எல்லா வேதனைகளும் இப்படி வெளிச்சத்துக்கு வருவதில்லை. இருமினால் சிறுநீர் கசிவது, குந்தி எழுந்தால் ஏதோ கீழிறங்குவது போலிருப்பது, மலத்தை அடக்க முடியாமல் போவது என்று அவற்றைப் பெண்கள் வெளியே சொல்வதில்லை. கருப்பை இறங்குவதைத் தமிழ்நாட்டுக் கிராமங்களில் 'அடி தள்ளல்' என்பார்கள். பெயர் இருக்கிறது, பேச்சுதான் இல்லை. "பிள்ளை பெத்தா அப்படித்தான்" என்பதோடு விஷயம் முடிந்துவிடும்.

அப்படித்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. இடுப்பெலும்பின் அடியில் தூளி போல விரிந்த தசைகள்தான் மூத்திரப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குகின்றன. கர்ப்பத்தின் பாரத்தில் தளரும் இவை பிரசவத்தில் இழுபடுகின்றன. இளவயதுப் பேறு, நீண்ட பிரசவ வலி, அடுத்தடுத்த பிள்ளைகள் எல்லாம் ஆபத்தைக் கூட்டும். உடம்பு தேறுமுன் விறகும் குடமும் சுமந்து மேடேறுவது இன்னும் மோசம். பிரசவமான முதல் மூன்று மாதங்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்குச் சிறுநீர்க் கசிவு உண்டு.

நிவாரணம் எளிது. அமெரிக்க மருத்துவர் அர்னால்ட் கெகல் 1948-ல் எழுதிய பயிற்சிக்குச் செலவே இல்லை. சிறுநீரை அடக்குவது போலத் தசையை இறுக்கி, ஐந்து விநாடி பிடித்து, தளர்த்த வேண்டும். ஒரு தடவைக்கு பத்து, நாளுக்கு மூன்று தடவை. மூச்சை அடக்கக் கூடாது. சிறுநீர் கழிக்கும்போது செய்யக் கூடாது. பலன் தெரிய மூன்று மாதம் பிடிக்கலாம். கர்ப்பத்திலேயே தொடங்கலாம். கருப்பை இறங்கியிருந்தால் தாங்கும் வளையம் உண்டு, முற்றினால் அறுவைசிகிச்சை.

மருந்தைவிட அரிதாக இருப்பது கேள்விதான். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் டாக்டர் ராணி பாங் குழுவினர் இரு கிராமங்களில் 650 பெண்களைச் சோதித்து 1989-ல் முடிவை வெளியிட்டார்கள். 92 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு பெண்நோய் இருந்தது. அதற்குமுன் அத்தகைய சோதனை செய்துகொண்டவர்களோ 8 சதவீதம்தான்.

அதே கட்சிரோலியில் உருவான வழிமுறையில்தான் இன்று நாடெங்கும் ஆஷா பணியாளர்கள் 42 நாட்களுக்குள் ஆறு தடவை பச்சிளங்குழந்தையைப் பார்க்க வீட்டுக்கு வருகிறார்கள். அட்டப்பாடியின் இருளர் பேச்சு தமிழுக்கு நெருக்கமானது. குழந்தையை எடை போட்டு முடித்ததும் தாயிடம் தனியாக ஒரு கேள்வி கேட்கலாம்: "இருமினா நனையுதா?"

அந்தக் கேள்விக்குத் தராசுகூடத் தேவையில்லை.