பட்டாவில் இருந்த 2059

அப்பா வாங்கவிருந்த வீடு, எனக்கு 54 வயதாகும்போது எங்களுடையதாக இருக்காது. இதை நான் கண்டுபிடித்தபோது எனக்கு வயது 18. ஆறாம் படிவத்தில் படித்துக் கொண்டிருந்தேன்.

அப்பா பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் வாடகை வீடுதான். தாத்தா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். வேலை முடிந்ததும் தோட்ட வீட்டையும் காலி செய்துவிட்டு வந்தவர். அதனால் சொந்த வீடு என்றால் அப்பாவுக்கு ஒரே பொருள்தான்: யாரும் "வெளியே போ" என்று சொல்ல முடியாத இடம்.

மாசாய் பக்கம் ஒரு பழைய தாமானில் மாடியில்லாத தெரஸ் வீடு ஒன்று 240,000 வெள்ளிக்கு விலைக்கு வந்தது. முகவர் அவசரப்படுத்தினார். "நாளைக்கு இன்னொருத்தர் பார்க்க வர்றார், அண்ணே. லாயர்கூட எங்ககிட்டயே இருக்கார். நீங்க கையெழுத்து மட்டும் போட்டா போதும்" என்றார். அன்று மாலையே அப்பா 3,000 வெள்ளி முன்பணம் கட்டிவிட்டார்.

ஒரு வாரம் கழித்து வங்கி பட்டாவின் நகலைக் கேட்டது. முகவர் அதை வாட்ஸ்ஆப்பில் அனுப்பினார். அப்பா கைப்பேசியை என்னிடம் நீட்டினார். "சட்ட மலாய் எனக்குப் புரியல. நீ படிச்சுச் சொல்லும்மா."

படித்தேன். குத்தகை முடியும் தேதி என்ற வரிக்கு நேராக 2059 என்று இருந்தது.

கெரானும் பஜாக்கானும்

நம் வீடுகளில் எல்லா வீட்டுப் பத்திரத்தையும் 'கெரான்' என்றுதான் சொல்கிறோம். பத்திரத்தின் தலைப்பைப் பார்த்தால் வேறுபாடு தெரியும். 'கெரான்' அல்லது 'கெரான் முக்கிம்' என்றிருந்தால் அது நிரந்தர உரிமை நிலம். 'பஜாக்கான் நெகிரி' அல்லது 'பஜாக்கான் முக்கிம்' என்றிருந்தால் அது குத்தகை நிலம். தேசிய நிலச் சட்டப்படி மாநில அரசு ஒரு நிலத்தை நிரந்தரமாகவோ, அதிகபட்சம் 99 ஆண்டுகளுக்கோ வழங்கலாம். 60 ஆண்டுக் குத்தகைகளும் உண்டு. நாங்கள் பார்த்த வீடு அப்படிப்பட்டது.

காலம் முடிந்தால் நிலம் மாநில அரசிடம் திரும்பிவிடும். முடிவதற்கு முன்பே நீட்டிப்புக்கு மனுச் செய்யலாம். ஆனால், அனுமதி தருவது மாநில அரசின் முடிவு. கிடைத்தாலும் அதற்கென பிரீமியம் கட்ட வேண்டும்.

"அதெல்லாம் பேச்சுக்குத்தான், யார் வந்து வீட்டை எடுக்கப் போறா?" என்று கேட்பவர்கள் ஜொகூர் நீரிணைக்கு அப்பால் பார்க்கலாம். சிங்கப்பூர், கேலாங் லோரோங் 3-இல் 191 தெரஸ் வீடுகள் 60 ஆண்டுக் குத்தகையில் இருந்தன. 2020 டிசம்பர் 31-ஆம் தேதி காலம் முடிந்தது. நிலம் அரசிடம் திரும்பியது. நீட்டிப்பு கிடைக்கவில்லை. அந்த நாட்டுச் சட்டம் வேறுதான். ஆனால், பத்திரத்தில் எழுதிய தேதி ஒருநாள் வந்தே தீரும் என்பது எந்த நாட்டுக்கும் பொது.

எங்கள் சிக்கல் அதற்கு முன்பே வந்துவிட்டது. குத்தகையில் மீதமுள்ள ஆண்டுகள் குறைவு என்று சொல்லி, 90 விழுக்காட்டுக்குப் பதிலாக 70 விழுக்காடு கடன்தான் தர முடியும் என்றது வங்கி. கூடுதலாக 48,000 வெள்ளிக்கு எங்கே போவது?

முன்பணத்தைத் திரும்பக் கேட்டோம். முகவர் மறுத்தார். அப்போதுதான் அம்மாவின் தோழி சொன்ன ஒரு வழக்கறிஞரைப் பார்க்கப் போனோம். அப்பா கையெழுத்திட்ட கடிதத்தை அவர் இரண்டு நிமிடத்தில் படித்து முடித்தார். "கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் திருப்பித் தரப்படும் என்ற ஒரு வரி இதில் இல்லை, அண்ணே. இதை எழுதும்போது நீங்க என்னைப் பார்க்க வந்திருக்கணும்" என்றார். அவர் கடிதம் எழுதிக் கேட்டதில் பாதிப் பணம் திரும்பி வந்தது. மீதி போனது போனதுதான்.

வழக்கறிஞர் யாருக்காக வேலை செய்கிறார்?

முகவர் சொன்ன 'எங்க லாயர்' யாருக்காகப் பேசுவார் என்று நாங்கள் கேட்கவே இல்லை. எங்கள் தவறு அங்கேதான் தொடங்கியது.

மேம்பாட்டாளரிடம் புது வீடு வாங்கினால், ஒப்பந்தத்தின் வாசகத்தை வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டமே வகுத்து வைத்திருக்கிறது. மேம்பாட்டாளருக்காகச் செயல்படும் வழக்கறிஞர் வாங்குபவருக்காகவும் செயல்படக் கூடாது என்று 1976-ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம் சொல்கிறது. பழைய வீட்டை வாங்கும்போது அப்படி ஒரு நிலையான ஒப்பந்தம் கிடையாது. உங்களுக்குச் சாதகமான ஒவ்வொரு வரியையும் உங்கள் வழக்கறிஞர்தான் கேட்டு வாங்க வேண்டும்.

நல்ல வழக்கறிஞரை எப்படித் தேர்ந்தெடுப்பது? நாங்கள் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். முதலில் மலேசிய வழக்கறிஞர் மன்றத்தின் அகப்பக்கத்தில் அவர் பெயரைத் தேடுங்கள். தொழில் நடத்தும் தகுதி இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, "நீங்கள் எனக்காக மட்டும் செயல்படுகிறீர்களா?" என்று நேரடியாகக் கேளுங்கள். கட்டணம், முத்திரை வரி, இதரச் செலவு மூன்றையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். ஜொகூரில் குத்தகை நிலத்திற்கு மாநில அரசின் ஒப்புதல் வாங்கிய அனுபவம் உண்டா என்றும் கேளுங்கள். பணத்தை நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்கில் மட்டுமே செலுத்துங்கள். யாருடைய சொந்தக் கணக்கிலும் போடாதீர்கள்.

செலவு எவ்வளவு?

கட்டணத்துக்குச் சட்டத்திலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது. 2023-ஆம் ஆண்டு ஆணைப்படி, முதல் 500,000 வெள்ளிக்கு 1.25 விழுக்காடு. 300,000 வெள்ளி வீட்டை 270,000 வெள்ளி கடனில் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். வாங்கல் விற்றல் ஒப்பந்தத்துக்கு 3,750 வெள்ளி, கடன் ஒப்பந்தத்துக்கு 3,375 வெள்ளி. இந்த இரண்டின் மீதும் 8 விழுக்காடு சேவை வரி 570 வெள்ளி. பெயர் மாற்ற முத்திரை வரி 5,000 வெள்ளி, கடன் ஒப்பந்த முத்திரை வரி 1,350 வெள்ளி. இதரச் செலவுகள் சேராமலே கூட்டுத்தொகை 14,045 வெள்ளி.

முதல் வீடு வாங்கும் மலேசியருக்கு முத்திரை வரி விலக்கு உண்டு. அதற்கு விலை வரம்பும் காலக்கெடுவும் இருப்பதால், வாங்கும் சமயத்தில் வழக்கறிஞரிடம் கேட்டு உறுதிப்படுத்திக் கொள்ளுங்கள். 10 விழுக்காடு முன்பணத்தை மட்டும் சேர்த்துவிட்டு இந்தத் தொகையை மறந்துவிடுபவர்கள் நிறைய பேர். அப்பாவும் அப்படித்தான் இருந்தார்.

இரண்டாவது வீடு

அடுத்த வீடும் குத்தகை நிலம்தான். ஆனால், இந்த முறை முன்பணம் கட்டுவதற்கு முன்பே வழக்கறிஞர் நில அலுவலகத்தில் பட்டாவைத் தேடிப் பார்த்தார். குத்தகை 2091 வரை இருந்தது. வீடு விற்பவரின் பெயரில்தான் இருந்தது. வங்கி அடமானத்தைத் தவிர வேறு தடை எதுவும் இல்லை.

'செக்காத்தான் கெப்பெந்திங்கான்' என்ற பகுதியை என்னையே படிக்கச் சொன்னார். அதாவது, உரிமைக் கட்டுப்பாடு. மாநில அரசின் ஒப்புதல் இல்லாமல் பெயர் மாற்றக் கூடாது என்று இருந்தது. சில பட்டாக்களில் பூமிபுத்ராவுக்கு மட்டுமே மாற்றலாம் என்று எழுதியிருக்கும். அதைப் பார்க்காமல் பணம் கட்டிவிட்டு அலைபவர்களும் உண்டு என்றார்.

பழைய வீட்டுக்குப் பணம் செலுத்தி முடிக்க வழக்கமாக 3 மாதம், கூடுதலாக 1 மாதம் தருவார்கள். அந்தக் கணக்கு கையெழுத்திட்ட நாளில் தொடங்கக் கூடாது, ஒப்புதல் கிடைத்த நாளில்தான் தொடங்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுத வைத்தார். கடன் கிடைக்காவிட்டால் பணம் திரும்ப வேண்டும் என்ற வரியையும் சேர்த்தார். ஒப்புதல் வர மாதக்கணக்கில் ஆனது. அப்பா பதறினார். ஆனால், அந்த ஒரு வரி இருந்ததால் தாமத வட்டி எங்கள் தலையில் விழவில்லை.

குத்தகை நிலம் வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நிரந்தர உரிமை வீட்டுக்கு எங்களிடம் பணம் போதவில்லை. என்ன வாங்குகிறோம், எத்தனை ஆண்டுக்கு வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கினோம். அவ்வளவுதான்.

எஸ்.பி.எம். மலாய்த் தாளில் தேறிய நம்மால் ஒரு பட்டாவைப் படிக்க முடியும். பல வீடுகளில் அதைப் படிக்கக்கூடியவர் நாம் ஒருவர்தான். இன்று இரவு அப்பா அம்மாவிடம் வீட்டுப் பட்டாவைக் கேட்டு வாங்குங்கள். நில உரிமையின் வகை, முடியும் தேதி, உரிமைக் கட்டுப்பாடு ஆகிய மூன்று வரிகளையும் தேடிப் படித்து, அவர்களுக்கும் சொல்லுங்கள்.

எங்கள் பட்டா நகல் இப்போது சாமி அலமாரியில், தாத்தா படத்துக்குக் கீழே இருக்கிறது. 2091-இல் எனக்கு வயது 86. அதற்குள் நீட்டிப்புக்கு மனுப் போடுவது என் வேலை என்று அப்பா இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.