பெயரில்லாத பெட்டிக்குக் கடிதம் வராது

பெட்டி படுக்கையோடு ஜெர்மனிக்கு – 5

சென்ற வாரம் வீடு தேடும் படலம் பார்த்தோம். சாவி கைக்கு வந்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். கதவைத் திறந்தால் சமையலறையில் அடுப்பு இருக்காது, பாத்திரம் கழுவும் தொட்டி இருக்காது, விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஒயர் தொங்கும். முன்பு குடியிருந்தவர் கழற்றிக்கொண்டு போயிருப்பார். பல வீடுகளில் இதுதான் வழக்கம். அந்தப் பதற்றத்தில் நம்மவர்கள் முதல் இரண்டு வாரத்தையும் கடை கடையாக ஏறி இறங்கியே தீர்த்துவிடுகிறார்கள். அடுப்பு கொஞ்சம் பொறுக்கும். முகவரிப் பதிவு பொறுக்காது.

குடிபோன இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். 'அன்மெல்டுங்' என்பார்கள். வாடகை ஒப்பந்தத்தை மட்டும் நீட்டினால் ஏற்கமாட்டார்கள். இன்னார் இந்தத் தேதியில் இந்த வீட்டுக்குக் குடிவந்தார் என்று வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட தனித் தாள் ஒன்று வேண்டும். 2015 நவம்பரிலிருந்து இது சட்டம். "வீடு தருகிறேன், பதிவு மட்டும் செய்துகொள்ளாதீர்கள்" என்று சொல்லும் ஆட்கள் உண்டு. "என் முகவரியைப் போட்டுக்கொள், நீ எங்கே வேண்டுமானாலும் இரு" என்னும் நல்ல நண்பர்களும் உண்டு. இரண்டுமே வேண்டாம். குடியிருக்காத ஒருவருக்குப் பதிவுக்காக முகவரி கொடுத்தால் 50,000 யூரோ வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. நண்பரை ஏன் மாட்டிவிட வேண்டும்?

பெரிய நகரங்களில் அலுவலகத்தில் நேரம் கிடைப்பது குதிரைக்கொம்பு. காலையில் சீக்கிரம் இணையத்தில் பார்த்தால், யாராவது ரத்து செய்த இடம் சிக்கும். எது கிடைத்தாலும் பதிவு செய்துவிட்டு, முன்பதிவுச் சான்றைப் பத்திரமாக வைத்திருங்கள்.

படிவத்தில் மதம் கேட்பார்கள். இந்தக் கட்டத்தை நம் கிறிஸ்தவர்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். கத்தோலிக்கர் என்றோ புராட்டஸ்டன்ட் என்றோ எழுதினால், சம்பளத்தில் வருமான வரியோடு தேவாலய வரியும் பிடிப்பார்கள். பவேரியாவிலும் பாடன்-வூர்ட்டம்பெர்க்கிலும் அது வருமான வரியில் 8 சதவீதம், மற்ற மாநிலங்களில் 9. விருப்பத்தோடு கட்டுகிறவர்கள் நிறையப் பேர். அது அவரவர் மனசு. ஆனால் முதல் சம்பளச் சீட்டைப் பார்த்த பிறகு விஷயம் தெரிய வரக்கூடாது. பின்னால் விலக வேண்டுமென்றால் அதற்குத் தனியாக அரசு அலுவலகம் ஏற வேண்டியிருக்கும்.

பதிவு முடிந்ததும் தாள்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கும். முதலில் 11 இலக்க வரி எண். சம்பளம் போடும் நிறுவனத்துக்கு இதைக் கொடுக்காமல் காலம் கடத்தினால், ஆறாம் வரி வகுப்பு என்று வைத்து இருப்பதிலேயே அதிகமான வரியைப் பிடித்துவிடுவார்கள். இந்த எண் தபாலில்தான் வரும்.

சிக்கல் இங்கேதான். அடுக்குமாடியில் நம் ஊர்போல 4ஏ, 3பி என்று வீட்டு எண் பெரும்பாலும் கிடையாது. தெருப் பெயர், கட்டட எண், அதோடு சரி. தபால்காரர் பெட்டியில் ஒட்டியிருக்கும் குடும்பப் பெயரைப் பார்த்துப் போடுவார். இல்லாவிட்டால் கடிதம் திரும்பிப் போகும். நமக்கோ குடும்பப் பெயரே கிடையாது, இன்ஷியல்தான். உதாரணத்துக்கு, கார்த்திக் என்பவரின் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சுப்ரமணியன் குடும்பப் பெயராக நிற்கும். மனைவிக்கு அவர் அப்பா பெயர் ராமசாமி. குழந்தைக்குக் கார்த்திக். ஒரே வீட்டில் மூன்று பேருக்கு மூன்று குடும்பப் பெயர்! பக்கத்து வீட்டார், சம்பந்தமில்லாத மூன்று பேர் அறையைப் பகிர்ந்திருப்பதாக நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். பெட்டியிலும் அழைப்புமணியிலும் மூன்று பெயரும் இருக்க வேண்டும். குழந்தையின் வரி எண் குழந்தை பெயரில்தான் வரும். வேறொருவர் வீட்டில் அறை எடுத்திருந்தாலும் உங்கள் பெயரை ஒட்டச் சொல்லிக் கேளுங்கள். பெயர்ப்பலகை வரும்வரை வெள்ளைத் தாளில் எழுதி ஒட்டினாலும் போதும்.

அடுத்து வரும் ஒரு கடிதத்தைப் பலர் மோசடி என்று கிழித்துப் போடுகிறார்கள். பொது ஒலிபரப்புக்கான கட்டணம் அது, வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. டி.வி. இல்லை, ரேடியோ இல்லை என்று சொல்லித் தப்ப முடியாது. ஒரு வீட்டுக்கு ஒரு கட்டணம்தான் என்பதால், அறைத்தோழர் ஏற்கெனவே கட்டினால் அவருடைய கட்டண எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் போடலாம். பதிலே போடாமல் இருந்தால் பாக்கி ஏறும்.

பெட்டியில் மஞ்சள் உறை கிடந்தால் மட்டும் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டுப் பிரியுங்கள். நீதிமன்றமும் அரசு அலுவலகங்களும் முக்கியமான ஆணைகளை அனுப்பும் உறை அது. அதன் மேல் தபால்காரர் தேதி எழுதியிருப்பார். பெட்டியில் போட்ட அன்றே உங்கள் கைக்கு வந்துவிட்டதாகக் கணக்கு. காரில் வேகமாகப் போனதற்கான அபராத ஆணை என்றால், ஆட்சேபிக்க அந்தத் தேதியிலிருந்து இரண்டு வாரம்தான். ஊருக்குப் போயிருந்தேன் என்று நிரூபித்து மறுபடி அவகாசம் கேட்க வழி உண்டு. ஆனால் அதற்கும் விண்ணப்பம், ஆதாரம், இன்னொரு கெடு. உறையைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள், தேதிக்குச் சாட்சி அதுதான்.

மொழி புரியாவிட்டாலும் எந்தக் கடிதத்தையும் பிரிக்காமல் வைக்காதீர்கள். செல்பேசியில் படமெடுத்து மொழிபெயர்த்தால், பணமா, கெடுவா, வெறும் தகவலா என்பது தெரிந்துவிடும். பொங்கலுக்கோ கல்யாணத்துக்கோ ஒரு மாதம் ஊருக்குப் போகிறவர்கள், பெட்டிச் சாவியை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து, வருவதைப் படமெடுத்து அனுப்பச் சொல்லிவிட்டு விமானம் ஏறுங்கள்.

அடுத்த வாரம் மருத்துவக் காப்பீடு.

(தொடரும்)